அங்கே யாரும் போவதில்லை என்று சொன்னார்கள்

விளக்குக் கம்பத்தைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான். தெருவில் புதிதாக ஒரு கம்பம் நட்டு, கட்சிக்காரர்கள் மாலையும் கையுமாக வந்து நின்றால், "யாரைக் கேட்டு நட்டீங்க?" என்று கேட்கத்தான் வாய் வருகிறது. பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். வெளிச்சம் வந்தால் நல்லதுதானே என்கிறார்கள். நல்லதுதான், யார் இல்லை என்றது? எங்கள் குப்பத்துக்கு வெளிச்சம் வந்த கதை அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் பாதிப் பேர் செத்துப்போனார்கள், மீதிப் பேர் வாயைத் திறக்க மாட்டார்கள். நான் சொல்லிவிடுகிறேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறியபோது நான் பாவாடை தாவணியில் இருந்தேன். எங்கள் குப்பம் ஊருக்கு வடக்கே, கடலை ஒட்டி. கரையோரமாகத் தெற்கே கொஞ்சம் நடந்தால் வெள்ளைக்காரத் தெருக்கள், மாடி வீடுகள், புயலில் இடிந்துபோன கப்பல் பாலம். எங்கள் பக்கம் கீற்றுக் குடிசைகள். வீட்டில் நான்கு பேர். அப்பா கடலோடு போய்விட்டார். அண்ணன் கட்டுமரத்தில் போவான். அம்மா கூடை சுமந்து மார்க்கெட்டில் மீன் விற்பாள். அண்ணி காலாப்பட்டுப் பெண், கட்டிக்கொண்டு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சத்தம் போட்டுப் பேச மாட்டாள். அண்ணன் எதிரில் தலை நிமிர்ந்து பேசி நான் பார்த்ததில்லை.

குப்பத்தில் ஒரு வீட்டிலும் கக்கூஸ் கிடையாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு ஆட்கள். ஆண்களுக்குத் தென்பக்கம், படகுகளுக்குப் பின்னால், நினைத்த நேரம். பெண்களுக்கு வடகரை. அங்கே தாழம்புதர் அடர்ந்து கிடக்கும். பொழுது விடியும் முன்னே ஒரு தடவை, பொழுது போன பிறகு ஒரு தடவை, நாலைந்து பேராகச் சேர்ந்து போய் வருவோம். நடுவில் வயிறு என்ன சொன்னாலும் கேட்கக் கூடாது.

வடகரைக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஆண் கால் அங்கே படக் கூடாது. அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கக் கூடாது. அதைப் பற்றிப் பேசவும் கூடாது. ஆடு தப்பி அந்தப் பக்கம் ஓடினால், ஆடு போனாலும் போகட்டும் என்று எல்லையிலேயே நின்று யாராவது பொம்பளையைக் கூப்பிடுவார்கள். எங்கள் ஜனங்களுக்கு இதில் பெருமை அதிகம். டவுனில் இருக்கிறவனுக்கு இந்த மரியாதை தெரியுமா என்று மார் தட்டிக்கொள்வார்கள். நானும் மரியாதை என்றுதான் நினைத்திருந்தேன். பார்க்காதே என்பதில் ஒரு மரியாதை இருக்கிறது. பேசாதே என்பதில் என்ன மரியாதை வேண்டிக் கிடக்கிறது? அந்தப் பேசாத மரியாதைதான் எங்கள் தலையில் கல்லைப் போட்டது.

கொடி மாறின பிறகு ஊரில் ஒரே பரபரப்பு. நகரசபைக் கட்டடத்தை நாங்கள் மேரி என்போம், அங்கே தலைவராக இருப்பவரை மேர் என்போம். பிரெஞ்சுக்காரன் போனாலும் அந்தப் பேர்கள் போகவில்லை. புது ஆட்சியில் எந்தெந்தக் குப்பத்துக்கு என்னென்ன வேண்டும் என்று மேரியில் கூப்பிட்டுக் கேட்கிறார்கள் என்று சேதி வந்தது. எங்கள் பக்கத்து மெம்பர் படகுகளும் ஐஸ் வியாபாரமும் வைத்திருந்த முதலாளி. அவர் குப்பத்து ஆண்களைத் திரட்டிக் கூட்டிப் போனார். அண்ணன் கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிந்தவன், வாய் சாமர்த்தியம் உண்டு. அவனை முன்னால் நிறுத்தினார்கள். பெண்கள் ஒருத்தியையும் கூப்பிடவில்லை. சபையிலும் ஒருத்தி கிடையாது. அங்கே உட்கார்ந்திருந்தது அத்தனையும் மீசை.

படகுத் துறைக்கு விளக்கு வேண்டும் என்று இவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சரி என்றார் மேர். அதோடு விட்டிருந்தால் ஒன்றும் இல்லை. "இன்னும் எந்தப் பக்கம் இருட்டா கெடக்குது?" என்று கேட்டிருக்கிறார். வடகரை என்று முதலாளியே சொல்லிவிட்டார், அவர் மாடி வீட்டுக்காரர், அவருக்கு என்ன தெரியும். அங்கே ஜன நடமாட்டம் உண்டா, விளக்குப் போட்டால் யாருக்காவது இடைஞ்சல் வருமா என்று மேர் திரும்பவும் கேட்டிருக்கிறார். நல்ல மனுஷன், கேட்க வேண்டியதைக் கேட்டார். எங்கள் ஆண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அண்ணன்தான் வாயைத் திறந்தான். "அங்க யாரும் போறதில்லீங்க" என்றான்.

இதை எங்களுக்குச் சொன்னதும் அவனேதான். சோற்றில் கை வைத்தபடி பெருமையாகச் சொன்னான். அம்மா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏன்டா, நாங்க போறது ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதுக்காவ, அத்தினி பெரிய மனுசங்க முன்னால, எங்க ஊட்டுப் பொம்பளைங்க அங்கதான் குந்துறாங்கன்னு சொல்லச் சொல்றியா? மானம் போயிடும்மா."

அண்ணி அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது மசக்கை தெளிந்து வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. அவள் வந்து அவன் தட்டில் கூடக் கொஞ்சம் சோறு போட்டாள்.

கம்பங்கள் வந்தன. தாழம்புதரை வெட்டிப் போட்டு நட்டார்கள். முதலாளி பொத்தானை அழுத்தினார், விளக்கு எரிந்தது, பட்டாசு வெடித்தார்கள், அண்ணன் அவருக்கு மாலை போட்டான். பெண்கள் எல்லோரும் அவரவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். கூட்டத்தில் யாரும் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பொழுது சாய்ந்தால் எரியத் தொடங்கும் விளக்கு, சூரியன் வந்த பிறகுதான் அணையும். எங்களுக்கென்று இருந்த ரெண்டு பொழுதையும் மொத்தமாக வாரிக்கொண்டு போய்விட்டது.

அதோடு நின்றதா? வெளிச்சம் இருக்கிறது என்று ஆண்கள் அங்கே போய் வலை உலர்த்த ஆரம்பித்தார்கள். பிறகு வலைக்குக் காவல் என்றார்கள். பிறகு சீட்டுக்கட்டு வந்தது. ஆண் கால் படக் கூடாத இடம் என்று பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து மார் தட்டினவர்கள், கம்பம் நட்ட ஒரு வாரத்தில் அங்கே காலை நீட்டி உட்கார்ந்து பீடி குடித்தார்கள். கட்டுப்பாடாவது மண்ணாவது. இருட்டு இருந்தவரைக்கும்தான் அவர்களுடைய கட்டுப்பாடு. அது அப்போது எங்களுக்குத் தெரியாமல் போச்சு.

நாங்கள் இன்னும் வடக்கே போகத் தொடங்கினோம். ஓடை தாண்டி, அடுத்த குப்பத்து எல்லை. அங்கே எங்களுக்கு என்ன பாத்தியம்? அந்த ஊர்ப் பொம்பளைகள் முறைத்தார்கள். ஆண்கள் சீட்டி அடித்தார்கள். ஓடைக் கரையில் முள்ளும் கண்ணாடித் துண்டும். வயிற்றுப் பிள்ளைக்காரி அந்த மணலில் அவ்வளவு தூரம் எப்படி நடப்பாள்? ஒரு தடவை அண்ணி ஓடைக் கரையில் சறுக்கி உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் தினமும் வருவதை நிறுத்தினாள். "எனக்கு வரல, நீ போய்ட்டு வா" என்பாள்.

வராமல் இருக்க அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். தண்ணீர் குடிப்பதில்லை. சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்தாள். பானையில் தண்ணீர் இருக்கும், நாக்கு வறண்டு உதடு வெடித்துக் கிடப்பாள், கேட்டால் தாகமில்லை என்பாள். அம்மா சத்தம் போட்டாள். "ரெண்டு உயிருக்குக் குடிக்க வேண்டியவடி நீ." கஞ்சித் தண்ணியைக் கையில் கொடுத்தால் வாங்கி, எங்கள் முதுகு திரும்பினதும் திரும்பப் பானையில் ஊற்றிவிடுவாள். குடித்தால் போக வேண்டும், போக இடமில்லை. கணக்கு அவ்வளவுதான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். வீட்டிலேயே ஒருத்தி துடித்தாள், அண்ணனுக்குத் தெரியவில்லையே. இல்லை, தெரிந்தது. தெரிந்தும் பேசக் கூடாத விஷயம் என்று கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போய்விடுவான்.

எட்டாம் மாசம் அண்ணிக்குக் குளிர் காய்ச்சல் வந்தது. இடுப்பை வெட்டிப் போடுகிற மாதிரி வலி. ஒண்ணுக்குப் போனால் நெருப்பாக எரிகிறது என்று அழுதாள். ரிக்‌ஷாவில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்கிருந்த நர்ஸம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எங்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். "இந்தப் பொண்ணு தண்ணியே குடிக்கறதில்லையா? அடக்கி அடக்கி வச்சி உள்ளே சீழ் புடிச்சிருக்கு. ஏன் அடக்குச்சு?" அம்மா என்ன சொல்லுவாள். விளக்குப் போட்டுட்டாங்கம்மா என்றாள். நர்ஸம்மாவுக்குப் புரியவில்லை. விவரம் சொன்ன பிறகு அவள் கையிலிருந்த துணியை உதறிவிட்டு, "எந்தப் படுபாவி போட்டான்?" என்று கேட்டாள்.

பிள்ளை காலம் முந்தியே பிறந்தது. ஆண் பிள்ளை. காலையில் பிறந்து உச்சி வெயிலுக்குள் போய்விட்டது. துணியில் சுற்றிக் கொண்டுவந்து மணலில் புதைத்தோம். அண்ணன் விழுந்து விழுந்து அழுதான். நான் அவனைத் தேற்றவில்லை. அழட்டும் என்று விட்டேன். என் கூடப் பிறந்தவன்தான், அவன்மேல் எனக்குப் பாசம் உண்டு. ஆனாலும் அன்றைக்கு அவன் தோளைத் தொட என் கை வரவில்லை.

பெண்கள் சிலர் சேர்ந்து மேரிக்குப் போனோம். வாசலிலேயே சேவகன் மறித்தான். என்ன விஷயம் என்றான். சொன்னோம். முகத்தைச் சுளித்து, "ஆம்பளைங்கள அனுப்புங்க" என்றான். ஆண்களை அனுப்பித்தானே இந்தக் கதி. முதலாளி வீட்டுக்குப் போனோம். வடகரையில் சுற்றிச் சுவர் எழுப்பி, தண்ணீரும் வைத்து, பெண்களுக்கு ஒரு கக்கூஸ் கட்டிக் கொடுங்கள் என்று அம்மா கேட்டாள். அவர் காதைப் பொத்தாத குறை. "சீ, இதெல்லாம் சபையில பேசற விஷயமா? அங்க எத்தினி கண்ணியமான மனுசங்க குந்தியிருக்காங்க." அந்தக் கண்ணியமான மனுஷர்கள் என்ன பேசினார்கள் தெரியுமா? கடற்கரைப் பூங்காவில் பெஞ்சுக்கு என்ன வர்ணம் அடிப்பது என்று பேசினார்கள். பாண்டு வாத்தியம் எந்தக் கிழமை வாசிப்பது என்று பேசினார்கள். இப்படி வருஷங்கள் போயின. அண்ணி அடுத்த பிள்ளை உண்டானதும் மூன்றாம் மாசமே காலாப்பட்டுக்குப் போய்விட்டாள். அங்கே கரை இருட்டாக இருந்தது. அதனால் அந்தப் பெண் குழந்தை பிழைத்தது.

பிறகு நகரசபைக்குத் தேர்தல் வந்தது. எதிர்க்கட்சியில் ஒரு டீச்சரம்மாவை நிறுத்தினார்கள். நம் பக்கமும் ஒரு பொம்பளை வேண்டுமே என்று முதலாளிக்குக் கவலை வந்தது. வேறு கவலை அவருக்கு என்றைக்கு வந்தது? எங்கள் அத்தை ஒருத்தி, அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை, தாலி அறுத்தவள், கரையில் மீன் ஏலம் விடுபவள். அவள் ஏலம் கூறினால் கடலுக்குள் இருக்கிறவனுக்கும் விலை தெரியும். ஊர்வலத்தில் கத்த நல்ல தொண்டை என்று அவளைப் பிடித்து நிறுத்தினார். "நீ ஒண்ணும் பேச வாணாம். நான் கையத் தூக்கனா தூக்கு, எறக்கனா எறக்கு, அவ்ளோதான்" என்றார். சரிங்க முதலாளி என்றாள் அத்தை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள், "குந்த ஒரு நாக்காலி கெடைக்கட்டும் அண்ணி. அப்பறம் பாத்துக்கறேன்."

ஓட்டுப் போடும் இடத்தில் மறைப்புக்குள்ளே யாரும் எட்டிப் பார்க்க முடியாது. அந்த ஒரு மறைப்பாவது எங்களுக்குக் கிடைத்தது. எந்தப் புருஷன் யாருக்குப் போடச் சொல்லி அனுப்பினானோ எனக்குத் தெரியாது, அத்தைக்குக் குப்பத்துப் பெண்கள் ஓட்டு மொத்தமும் விழுந்தது. ஜெயித்தாள். கொஞ்ச நாள் சொன்னபடி கையைத் தூக்கினாள், இறக்கினாள். ஒரு நாள் வந்து, "நாளைக்கு எல்லாரும் கெளம்பி வாங்கடி, மேரிக்கு" என்றாள். கூட்டம் நடக்கும்போது ஊர் ஜனங்கள் உட்கார்ந்து பார்க்கலாம் என்பது அங்கே உள்ள வழக்கம். பெண்கள் அதுவரை போனதில்லை. போகக் கூடாது என்று சட்டமில்லை, போகலாம் என்று யாரும் சொல்லவுமில்லை. மறித்த அதே சேவகன் அன்றைக்கும் நின்றான். "மெம்பரம்மா வரச் சொன்னாங்க" என்றோம். வழி விட்டான்.

உயரமான ஜன்னல்கள், வழவழப்பான நாற்காலிகள். எங்கள் குப்பத்து ஆண்களும் சேதி தெரிந்து வந்து ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள், அண்ணனும் இருந்தான். அண்ணி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் இருந்தாள். அத்தை எழுந்தாள். முதலாளி அவள் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுக்காத குறையாக, உட்கார் உட்கார் என்று கையைக் காட்டினார். அவள் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

"எங்க பொம்பளைங்க வெளிக்குப் போவ எடமில்ல. வடகரையில சொவரு எடுத்து, கதவு வச்சி, தண்ணி வச்சி கக்கூசு கட்டித் தரணும்" என்றாள், ஏலக் குரலில்.

கொல்லென்று சிரிப்பு. ஒருத்தர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஒருத்தர் இதை எழுத வேண்டாம் என்றார். முதலாளிக்கு முகம் செத்துப்போச்சு. மேர் மட்டும் சிரிக்கவில்லை, தேர்தலுக்குப் பிறகும் அவரேதான் மேர். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார், "அங்கே யாரும் போறதில்லன்னு உங்க ஆளுங்களே இங்க வந்து சொன்னாங்களேம்மா. எனக்கு ஞாபகம் இருக்கு."

"சொன்னவங்க அதோ குந்தியிருக்காங்க. இப்பக் கேளுங்க" என்றாள் அத்தை.

அவர் திரும்பி ஆண்களைக் கேட்டார். போகிறார்களா, இல்லையா என்று. ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெற்ற பிள்ளையைக் கையால் மணல் தள்ளிப் புதைத்தவன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நான் எழுந்து கத்தியிருப்பேன். அதற்குள் குழந்தையை என் மடியில் தள்ளிவிட்டு அண்ணி எழுந்து நின்றாள்.

"நான் போனேங்க. கல்யாணம் ஆயி வந்த நாள்லேந்து போனேன். எங்க மாமியா போனாங்க, எங்க நாத்தனா போனா. நீங்க வெளக்கு போட்டீங்க, அப்பறம் போவ முடியல. தண்ணி குடிக்காம அடக்கி வச்சேன். காய்ச்ச வந்து எம் புள்ள செத்துப்போச்சி. அங்க யாரும் போறதில்லன்னு இங்க வந்து சொன்னது எங்க ஊட்டுக்காரருதாங்க."

உட்கார்ந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். கைக்குட்டைக்காரர் கைக்குட்டையை எங்கே வைப்பதென்று தெரியாமல் வைத்திருந்தார். பார்க்க வந்தவர்கள் பேசக் கூடாது என்று யாரோ முனகினார்கள். "அன்னைக்கு ஆம்பளைங்க பேசனப்ப கேட்டீங்க இல்ல, இன்னைக்கும் கேளுங்க" என்றாள் அத்தை. அவளே முதலில் கையைத் தூக்கினாள். ஒவ்வொரு கையாக எழுந்தது. கடைசியில் முதலாளியும் தூக்கினார்.

கட்டிக் கொடுத்தார்கள். அடுத்த மழைக்கு முன்னே சுவர் எழும்பி, கதவும் தாழ்ப்பாளும் வந்தன. அத்தை அந்த நாற்காலியில் இருந்த வரைக்கும் மார்க்கெட்டில் மீன்காரிகளுக்குத் தனியாக ஒரு குழாய் வந்தது, குப்பத்துக்கு ஒரு மருத்துவச்சி வந்தாள். அதுவரை யாருக்கும் தோன்றாததெல்லாம் அவளுக்குத் தோன்றியது, ஏனென்றால் அதெல்லாம் அவள் உடம்புக்குத் தெரிந்தது. ஐயோ பாவம் என்று யாரோ இரங்கிக் கொடுத்தது ஒன்றுமில்லை. முதல் கூட்டத்தில், அந்த முதல் கேள்வி வந்த நாளில், அங்கே ஒரே ஒரு பொம்பளை உட்கார்ந்திருந்தால் ஒரு கம்பம் தள்ளிப் போயிருக்கும். என் அண்ணன் மகன் இன்றைக்குப் பேரன் பேத்தி எடுத்திருப்பான். நாலு சுவர் வாங்குவதற்கு ஒரு தாய் செத்த பிள்ளையைக் கொண்டுபோய்ச் சபை நடுவில் கிடத்த வேண்டியிருந்தது. அதை நினைத்தால் எனக்கு இந்த வயசிலும் ஆறவில்லை.

அன்றைக்கு மேரியிலிருந்து கரையோரமாகவே நடந்து வந்தோம். ஆண்கள் முன்னால் போய்விட்டார்கள். அண்ணன் மட்டும் வழியில் நின்றான். நாங்கள் வந்ததும் அண்ணியைப் பார்த்து, "ஊரு முன்னாடி எம் மானத்த வாங்கிட்டியே" என்றான். குரல் உடைந்திருந்தது.

அண்ணி முதல் தடவையாக அவனை நேருக்கு நேர் பார்த்தாள். "ஒன் மானத்தக் காப்பாத்தத்தான் ஒரு புள்ளையக் குடுத்தேன்" என்றாள். "இன்னும் எத்தினி குடுக்கணும்னு சொல்லு."